பதினோராவது வரி

அறக்கட்டளை அலுவலகத்தில் அவளுக்குச் 'சிவப்புப் பேனா' என்று பேர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை, முதுகுக்குப் பின்னால் சொல்லாதவரும் இல்லை. உதவி கேட்டு வருகிற விண்ணப்பங்களை முதலில் படிப்பவள் அவள்தான். வேண்டாத செலவு என்று மனசில் பட்ட வரியைச் சிவப்பு மையால் அடிப்பாள், ஓரத்தில் இரண்டு வார்த்தை எழுதுவாள், கீழே கையெழுத்துப் போட்டு மேலே அனுப்புவாள். மேலே இருப்பவர்கள் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பதினாறு வருஷமாக அவள் அடித்தால் அடித்ததுதான்.

சும்மா சொல்லக்கூடாது, நேர்மையானவள். பார்வையிடப் போகிற இடத்தில் ஒரு வாய் டீ குடிக்க மாட்டாள், கைப்பையில் தண்ணீர் பாட்டிலோடு போவாள். வீட்டிலும் அதே கதைதான். பல்பசை தீர்ந்தால் டியூபைக் கத்தரியால் வெட்டி வழித்து இன்னும் மூன்று நாள் ஓட்டுவாள். கணக்கு வாத்தியாரான அவள் கணவர், "உன்கிட்ட கடவுளே மனு போட்டாலும் பாதி வரி தேறாது" என்பார். அவள் சிரித்துக்கொள்வாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

நோயாளிக்குப் போகவேண்டிய பணம் நாற்காலிக்கும் மேஜைக்கும் போகக்கூடாது, இதுதான் அவள் கட்சி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நாற்காலி இல்லாமல் யார் எங்கே உட்கார்ந்து அந்த நோயாளியின் விலாசத்தை எழுதி வைப்பார்கள் என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை. கேட்ட ஒரே ஆள் பெரியக்கா.

பெரியக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். 'இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க' என்று சொல்லி அனுப்பப்படுகிறவர்கள் அந்த வீட்டில் போய் என்ன ஆகிறார்கள் என்ற கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. வேலையை விட்டார். ஒரு டயர் கடைக்கு மேலே மூன்று அறையை வாடகைக்கு எடுத்தார். பதினான்கு வருஷத்தில் மூன்று நர்ஸ்கள், ஒரு சின்ன வேன், அதற்கு ஒரு டிரைவர், நூற்றுப் பன்னிரண்டு நோயாளிகள். வீட்டுக்கே போய்ப் புண்ணைக் கழுவிக் கட்டுவார்கள், வலி மருந்து கொடுப்பார்கள், கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். பணம் முக்கால்வாசி அறக்கட்டளையுடையது.

அந்தத் திங்கட்கிழமை வருடாந்தரப் பார்வைக்காக, அவள் டயர் கடைப் படியேறிப் போனாள். மற்ற வருஷங்களில் படியிலேயே வரவேற்பு இருக்கும். இன்றைக்கு ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. மேஜையைச் சுற்றி மூன்று நர்ஸ்களும் டிரைவரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஓரம் கிழிந்த ஒரு டைரி. அவர்கள் தலைக்கு மேலே சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், அறக்கட்டளை இரண்டு வருஷத்துக்கு முன்னால் கொடுத்த பாராட்டுச் சான்றிதழ்: 'நிர்வாகச் செலவு பூஜ்யம். முன்மாதிரி நிறுவனம்.'

"ஐயோ மேடம், நீங்க வர்றது இன்னிக்கா?" என்றார் டிரைவர்.

"என்ன ஆச்சு? பெரியக்கா எங்க?"

மூத்த நர்ஸ்தான் சொன்னாள். சனிக்கிழமை மத்தியானம் பெரியக்கா போன் பேசிக்கொண்டே இந்தப் படியில் இறங்கியிருக்கிறார். நாலாவது படியில் சுருண்டு விழுந்தார். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு வரவில்லை. உயிருக்கு ஆபத்தில்லை என்று இன்று காலையில்தான் டாக்டர் சொன்னாராம்.

அவள் கைப்பையை மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "கடவுளே" என்றாள். பிறகு, பழக்கதோஷம், கேட்டாள்: "நோயாளிகளுக்கு எந்தத் தடையும் இல்லையே?"

மூத்த நர்ஸ் அவளை ஒரு பார்வை பார்த்தாள். "அதத்தான் தேடிக்கிட்டிருக்கோம் மேடம்."

விஷயம் இதுதான். தொண்ணூற்றாறு பேர் வீடு மூன்று நர்ஸ்களுக்கும் தெரியும், ஆளுக்கு முப்பத்திரண்டு. மீதிப் பதினாறு பேர் பெரியக்காவின் சொந்தக் கணக்கு. புதிதாக வந்தவர்கள், தனியாக இருப்பவர்கள், யார் போனாலும் எரிந்து விழுகிறவர்கள், இவர்களையெல்லாம் அவரே பார்த்துக்கொள்வார், பஸ் பிடித்துப் போவார். அவர்கள் வீடு எங்கே, எந்தப் படியில் கைப்பிடி ஆடும், எந்த மகன் மருந்தைத் திருடி விற்பான், எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. வெளியே இருந்தது இந்த டைரி மட்டும். அதிலும் பேர் கிடையாது, விலாசம் கிடையாது. பெரியக்கா எல்லோருக்கும் ஒரு பட்டப்பேர் வைப்பார். 'கிளி வீடு – புதன்.' 'பேசாத அண்ணன் – வெள்ளி.' 'சண்டைக்காரி – திங்கள், இனிப்பு கொண்டுபோ.' 'பச்சைக் கதவு – செவ்வாய், தனி ஆள், மருந்து தவறக்கூடாது.'

"போன்ல நம்பர் இருக்குமே?"

"போன் அதே படியில விழுந்து சுக்குநூறாப் போச்சு" என்றார் டிரைவர். "சிம்மும் சேர்ந்து ஒடிஞ்சிடுச்சு."

"அதே நம்பருக்குப் புது சிம் வாங்கலாமே. அவங்களே கூப்பிடுவாங்க."

"காலையிலேயே போய்க் கேட்டுட்டோம். நம்பர் பெரியக்கா சொந்தப் பேர்ல இருக்கு. அவங்க நேர்ல வரணும், இல்லன்னா கையெழுத்து வேணுங்கிறாங்க." மூத்த நர்ஸ் டைரியை மூடினாள். குரலில் கோபம் இல்லை, காய்ச்சல் எத்தனை டிகிரி என்று சொல்கிற குரல். "ஆபீசுக்குன்னு தனி லைன் கேட்டிருந்தோம் மேடம். பதிவேடு எழுத ஒரு ஆளும் கேட்டிருந்தோம். நீங்கதான் அடிச்சீங்க."

அவளுக்கு ஞாபகம் வந்தது. மறந்திருந்தால்தானே வருவதற்கு. மூன்று வருஷத்துக்கு முந்தைய விண்ணப்பம், பதினோராவது வரி: 'பதிவேடு எழுத ஓர் ஆள், அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி.' ஓரத்தில் அவள் எழுதியது: 'பதிவேட்டை நிறுவனரே பார்த்துக்கொள்ளலாம். தொலைபேசிக்கு அவருடைய சொந்த எண் போதும்.' பெரியக்கா அதற்காக ஒரே ஒரு தடவை போன் செய்தார். "எனக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா இவங்க யாரக் கூப்பிடுவாங்க, சொல்லும்மா" என்று கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "உங்களுக்கு ஒண்ணும் ஆகாது பெரியக்கா. நூறு வருஷம் இருப்பீங்க." வாழ்த்து மாதிரிதான் இருந்தது. பெரியக்கா அப்புறம் கேட்கவில்லை. மறுவருஷம் சான்றிதழ் போனது.

சாயங்காலம் ஊர் திரும்ப வேண்டியவள், திரும்பவில்லை. அறக்கட்டளைத் தலைவருக்குப் போன் செய்து, நாலு நாள் இங்கே இருக்கவேண்டும் என்றாள். தலைவர் நல்ல மனிதர்தான், ஆனால் எல்லாவற்றையும் தூரத்திலிருந்து பார்த்தே பழகியவர். "நம்ம வேலை பணம் கொடுக்கிறதும்மா. வீடு வீடாக் கதவு தட்டுறது அவங்க வேலை" என்றார்.

"சரிங்க சார். அப்ப லீவு போட்டுக்கிறேன்" என்று வைத்துவிட்டாள்.

திங்கள் சாயங்காலத்துக்குள் பதினொரு பேர் கிடைத்துவிட்டார்கள். பாதி பேரை டிரைவரே கண்டுபிடித்தார். மழை நாளில் பெரியக்காவை எந்தெந்தத் தெருமுனையில் இறக்கிவிட்டார் என்பது அவருக்கு நினைவிருந்தது. கிளி வீட்டைக் கிளியே காட்டிக்கொடுத்தது, தெருவே கேட்கிற மாதிரி கத்திக்கொண்டிருந்தது. சண்டைக்காரி, "காலையில வரவேண்டியவங்க இப்ப வர்றீங்களே, செத்தவளப் பாக்கவா வந்தீங்க?" என்று வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். மூத்த நர்ஸுக்கு அந்தத் திட்டைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது. திட்டத் தெம்பு இருந்தால் ஆள் நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம். செவ்வாய் மத்தியானத்துக்குள் இன்னும் நாலு பேர். ஆக, பதினைந்து.

பாக்கி, பச்சைக் கதவு.

வலி மருந்து கொடுக்கிற மருந்தாளுநரிடம் போனார்கள். அது கட்டுப்பாடு உள்ள மருந்து. ஒவ்வொரு பாட்டிலுக்கும் சட்டப்படி எழுதி வைக்கவேண்டும். அவர் பெரிய பதிவேட்டைத் திறந்து விரலை ஓட்டினார். விலாசம் என்ற இடத்தில், பதினாறு பேருக்கும், டயர் கடைக்கு மேல் இருக்கிற அலுவலகத்தின் விலாசம்.

"வாங்கிட்டுப் போறவங்க விலாசம் இருந்தாப் போதும்னு சட்டம். நானும் எழுதிட்டேன்" என்றார் அவர். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "போன செவ்வாய்க்கிழமை ஒரு பெரியவர் பேருக்கு ஒரு பாட்டில் போயிருக்கு. ஏழு நாள் மருந்து. கணக்குப்படி இன்னிக்கு ராத்திரியோட சரி. அதுக்கு மேல அதுல ஒரு சொட்டு இருக்காது."

"நிறுத்தினா என்ன ஆகும்?" என்று அவள் கேட்டாள்.

மருந்தாளுநர் பதிவேட்டை மூடினார். வெளியே வந்தபிறகு மூத்த நர்ஸ் சொன்னாள். "இந்த அளவு மருந்துன்னா எலும்புக்குள்ள போன நோய் மேடம். மருந்து இருக்கிறப்பவே பல்லக் கடிச்சுக்கிட்டுத்தான் இருப்பாங்க. இல்லன்னா, உயிர் போகாது. போனாத் தேவலைன்னு இருக்கும்."

செவ்வாய் மீதியும் புதன் காலையும் பச்சைக் கதவு தேடினார்கள். ஏதோ ஒரு பஸ்ஸில் பெரியக்கா செவ்வாய்தோறும் போவார் என்பது தவிர வேறு துப்பு இல்லை. "ஊர்ல பாதிக் கதவு பச்சை மேடம். மீதிக் கதவு ஒரு காலத்துல பச்சையா இருந்தது" என்றார் டிரைவர். சொன்னவரும் சிரிக்கவில்லை. அவள் எண்பது கதவாவது தட்டியிருப்பாள். ஒரு வீட்டில் ஈரத்தலையோடு வந்த பெண், பொருள் விற்க வந்தவள் என்று நினைத்து முகத்தில் அறைகிற மாதிரி சாத்தினாள். இன்னொரு வீட்டில், "நோயாளி இங்க இல்ல, ஆனா நீங்க உட்காருங்க, முகம் வெளிறிப்போச்சு" என்று தண்ணீர் கொடுத்தார்கள். அவள் வாங்கிக் குடித்தாள்.

இன்னொரு பக்கம் போன் கம்பெனி. கவுண்டரில் இருந்தவன் மேல் தப்பில்லை, அவன் விதியைத்தான் சொன்னான். கையெழுத்துப் போட முடியாதவர் என்றால் இடதுகைப் பெருவிரல் ரேகை, டாக்டர் சாட்சி, நெருங்கிய உறவின் மனு, பிறகு ஒரு நாள் அவகாசம். விதியைச் சொல்கிறவனிடம் கோபப்பட அவளுக்கு வாய் வரவில்லை. அவளும் அந்தத் தொழில்தானே.

புதன் மத்தியானம் பெரியக்காவின் மகளோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். மகள் தையல் கடை வைத்திருப்பவள், கழுத்தில் அளவு நாடாவோடேயே வந்திருந்தாள். சனிக்கிழமையிலிருந்து அதைக் கழற்ற நேரமில்லை போலிருக்கிறது. பெரியக்கா கண் திறந்து படுத்திருந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது.

"அம்மா, பச்சைக் கதவு எங்கம்மா?" என்று மகள் கேட்டாள்.

பெரியக்காவின் வாய் அசைந்தது. சத்தம் வந்தது, வார்த்தை வரவில்லை. இடது கையில் பேனா கொடுத்தார்கள். தாளில் நூல்கண்டு சிக்கின மாதிரி கோடுகள் விழுந்தன. அவர் அதைப் பார்த்தார். தான் எழுதியது எழுத்தில்லை என்று அவருக்கே தெரிந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் காதுப்பக்கமாக ஓடியது. போதும், வற்புறுத்தாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவளால் தாங்க முடியவில்லை. கட்டிலருகே குனிந்தாள். "பெரியக்கா, அந்த வரிய நான்தான் அடிச்சேன். நீங்க கேட்டீங்க, நான் சிரிச்சேன். என்னை மன்னிச்சிடுங்க."

பெரியக்கா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். திருப்பியபடியே இடது கையை மட்டும் அவள் பக்கம் நீட்டினார், பெருவிரலைத் தூக்கி. அவள் அந்த விரலில் மை தடவி மனுவில் வைத்து அழுத்தினாள். ரேகை சுத்தமாக விழுந்தது. முகம் திரும்பவில்லை.

வெளித்தாழ்வாரத்தில் மகள் சொன்னாள்: "எங்கம்மா லேசுல யார் மேலயும் கோவிச்சுக்க மாட்டாங்க. உங்க மேல கோவிச்சுக்கிட்டாங்கன்னா, உங்கள நம்பியிருந்தாங்கன்னு அர்த்தம்." ஆறுதலாகத்தான் சொன்னாள். அது போய் எங்கே குத்தவேண்டுமோ அங்கே குத்தியது.

அன்று சாயங்காலம் கணவரிடம் போனில் பேசினாள். அவர், "நீ ஒருத்தியா முடிவு பண்ணின? உனக்கு மேல எத்தனை பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க" என்றார். "அவங்க யாரும் படிக்கலைங்க. படிச்சவ நான் ஒருத்திதான்" என்றாள் அவள்.

வியாழன் மத்தியானம் மூன்று மணிக்குப் புது சிம் உயிர் பெற்றது. மேஜைமேல் வைத்த போன் அதிர ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. உங்கள் எண் தொடர்பில் இல்லாதபோது இந்த எண் அழைத்தது, இந்த எண் அழைத்தது, இந்த எண் அழைத்தது. கிளி வீடு, பேசாத அண்ணன், இன்னும் யார் யாரோ. இளைய நர்ஸ் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். ஒரே எண். யாருக்கும் தெரியாத எண். நாற்பத்தொரு தடவை.

முதல் அழைப்பு செவ்வாய் சாயங்காலம் ஐந்தரை. கடைசி அழைப்பு இன்று காலை ஆறு பத்து. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

ஒன்பது மணி நேரம் ஆகிவிட்டது. போன் அவள் கைக்கு எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியாது. அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்து நின்றது. மறுபடி அடித்தாள். மறுபடி. மூத்த நர்ஸ் மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள், டிரைவர் வேன் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். எட்டாவது தடவை யாரோ எடுத்தார்கள். மூச்சு மட்டும் கேட்டது.

"ஐயா? ஐயா, பேசுங்க."

"பெரியக்கா…" கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரல். "கோவமா பெரியக்கா?"

அவள் மறு காதைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"போன வாரம் மருந்து கசக்குதுன்னு கத்திட்டேன். கப்பத் தட்டிவிட்டேன். அதான் வரலையா? இனிமே கத்த மாட்டேன் பெரியக்கா. சத்தியமா."

"இல்லங்கய்யா" என்றாள். "நீங்க ஒண்ணும் பண்ணல. ஒண்ணுமே பண்ணல. தப்பு எங்க மேல. வீடு எங்கன்னு சொல்லுங்க, இதோ வந்துட்டோம்."

தெருப்பேர் சொன்னார். மூன்றாவது மாடி என்றார். டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தத் தெரு டயர் கடையிலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம்தான். இந்த மூன்று நாளில் அதன் வழியாக ஏழெட்டு தடவை போய்வந்திருக்கிறார்கள்.

கதவு நீலமாக இருந்தது. போன வருஷம் வீட்டுக்காரர் சாயம் அடித்திருக்கிறார். பெரியக்கா பட்டப்பேரை மாற்றவில்லை. அவருக்குத்தான் தெரியுமே, அப்புறம் எதற்கு மாற்றவேண்டும்?

தாழ் போடவில்லை. ஒரே அறை. ஜன்னலோரம் கட்டில், சுவரில் வரிசையாக மாட்டிய பழைய காக்கிச் சட்டைகள். லிஃப்ட் இயக்குகிற வேலை பார்த்தவராம். ஒரு பெரிய கட்டடத்தில் முப்பது வருஷம் மற்றவர்களை மேலே ஏற்றி இறக்கியவர், லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில் கிடந்தார். கட்டிலில்கூட இல்லை, கீழே தரையில், போனைக் காதோடு அணைத்துக்கொண்டு. உதட்டைக் கடித்துக் கடித்து ரத்தம் காய்ந்திருந்தது. பக்கத்தில் மருந்து பாட்டில். உள்ளே தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் குடித்திருக்கிறார். மூன்று தடவை குலுக்கிக் குடித்தாராம், கடைசித் தடவை கசப்புக்கூட இல்லையாம். பிற்பாடு அவரே சொன்னார்.

மூத்த நர்ஸ் மருந்தை அளந்து வாயில் ஊற்றினாள். அவர் கசக்கிறது என்று சொல்லவில்லை. கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, "கோவம் இல்லையே?" என்று மறுபடி கேட்டார்.

மருந்து வேலை செய்ய அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணியும் அவர் சிவப்புப் பேனாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். வலி வரும்போதெல்லாம் பிடி இறுகியது. அவள் கைக்கடிகாரம் சதைக்குள் அழுந்தியது, அவள் கையை எடுக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பிடி தளர்ந்தது. அவர் தூங்கிவிட்டார் என்று தெரிந்த பிறகுதான் அவள் அழுதாள், சத்தம் வராமல், வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு.

இரண்டு வாரம் கழித்து அறக்கட்டளைக் கூட்டம். நீள மேஜை, ஏழு பேர், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். விஷயத்தைக் கேட்டு எல்லோருக்கும் உண்மையிலேயே வருத்தம். தலைவர் சொன்னார்: "அந்தப் பெரியம்மாவுக்கு நாம ஏதாவது செய்யணும். ஒரு புது வேன் கொடுத்துடுவோம். நம்ம பேரப் போட்டு."

"வேன் வேண்டாம் சார்" என்றாள் அவள். "இருக்கிற வேனே ஓடுது. பதிவேடு எழுத ஒரு ஆள், ஆபீஸ் பேர்ல ஒரு போன், பெரியக்கா இடத்துல நின்னு வேலையப் பங்கு போட்டுக் கொடுக்க இன்னொரு ஆள். இதுக்கு அஞ்சு வருஷம் பணம் கொடுங்க. மத்ததையெல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க."

"இது பூரா ஆபீஸ் செலவாச்சே" என்றார் ஒருவர். "ஊர்ல நாலு பேருக்குக் காட்ட என்ன இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காது. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாதும்பாங்க. தேரப் பாக்க வர்றவங்க யாரும் அச்சாணியப் பாக்கிறதில்ல."

"எல்லாம் சரிம்மா. ஆனா இதுல நம்ம அறக்கட்டளை பேர் எங்க வரும்?" என்றார் தலைவர்.

அவள் பையிலிருந்து மூன்று வருஷத்துப் பழைய விண்ணப்பத்தை எடுத்து, பதினோராவது வரி இருக்கிற பக்கத்தைத் திறந்து, அவர் முன்னால் தள்ளினாள். பக்கத்தில் இன்னொரு தாள், நாற்பத்தொரு அழைப்புகள், நேரத்தோடு. "நம்ம பேர் ஏற்கெனவே இதுல இருக்கு சார். நான் அடிச்ச வரிக்குக் கீழ, என் கையெழுத்து. அதுக்குக் கீழ நம்ம முத்திரை."

அந்தத் தாள் மேஜையைச் சுற்றி ஏழு கை மாறிப் போனது. இந்தத் தடவை ஏழு பேரும் படித்தார்கள். அஞ்சு வருஷம் கேட்டாள், மூன்று வருஷம் கொடுத்தார்கள். போன் செலவு தனி. சான்றிதழை இறக்கிவிடச் சொல்லலாமா என்று கேட்டாள். அதற்கு மட்டும் முடிவெடுக்காமல் எழுந்துவிட்டார்கள். மனுஷர்கள்தானே.

பதிவேட்டுக்கு ஆள் சேர ஒரு மாதமாகும். அதுவரை நர்ஸ்கள் முறைபோட்டுப் போன் பார்த்தார்கள். சனிக்கிழமை அவள் முறை, யாரும் கேட்காமலே அவளாக எடுத்துக்கொண்டது. மூன்று மணி நேர பஸ் பயணம், வெள்ளி ராத்திரியே வந்துவிடுவாள். டயர் கடைக்கு மேலே, புதிதாக வாங்கிய நாற்காலியில் உட்கார்ந்து, நூற்றுப் பன்னிரண்டு பேரின் பேரையும் விலாசத்தையும் படியையும் கதவையும் அவளே எழுதினாள். கதவு, நீலம். நீலப் பேனாவால்தான் எழுதினாள்.

இரண்டாவது சனிக்கிழமை, காலை ஆறு பத்துக்குப் போன் அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தாள்.

"சொல்லுங்கய்யா. வலி இருக்கா? சிஸ்டர அனுப்பட்டுமா?"

"இல்லம்மா. வலி அடங்கித்தான் இருக்கு."

"மருந்து இருக்கா?"

"இருக்கு, இருக்கு. நிறைய இருக்கு."

"அப்ப என்ன வேணும், சொல்லுங்க."

அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கவேண்டும்.

"ஒண்ணும் இல்லம்மா" என்றார். "எடுக்கிறாங்களான்னு பாத்தேன்."